மொத்தத் தபாலுக்குப் புது பார்கோடு: அந்த வேலை உங்கள் மேசைக்கு வரும்போது

அமெரிக்க வங்கிகளின் ஸ்டேட்மெண்ட், காப்பீட்டுக் கடிதம், மருத்துவமனை பில் இவற்றையெல்லாம் அச்சுக்குத் தயார்செய்யும் மென்பொருளில் வேலை பார்ப்பவர்கள் சென்னையிலும் கோவையிலும் நிறையப் பேர். இங்கே பகலில் எழுதும் ப்ரோக்ராம், அங்கே லட்சக்கணக்கான தாள்களை அச்சடித்து, மடித்து, கவரில் போட்டு, ட்ரே ட்ரேயாகத் தபால்துறையிடம் சேர்க்கிறது. ஒவ்வொரு கவரிலும் முகவரியை ஒட்டி ஒரு வரிசைக் குட்டிக் கோடுகள் இருக்கும். டீமில் யாரும் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஒருநாள் கிளையன்டிடமிருந்து, பார்கோடை மாற்ற வேண்டும் என்று மெயில் வரும். மீட்டிங்கில் யாராவது ஒருவர், "ஃபான்ட் மாத்தினாப் போதும்ல? ரெண்டு நாள் வேலை, தம்பிகிட்ட குடுத்துடுங்க" என்பார்.

அந்தத் தம்பிக்காக எழுதுவது இது. தங்கையாக இருந்தாலும் சேர்த்துத்தான்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபான்ட் மாற்றுவது உண்மையிலேயே இரண்டு நாள் வேலைதான். அந்தக் கோடுகளுக்குள் போகும் எண்ணை யார் கொடுப்பது, எங்கே பதிந்து வைப்பது, ஒரே எண் இரண்டு கடிதத்துக்குப் போகாமல் எப்படிக் காப்பது, முகவரி சரியா என்று யார் பார்ப்பது என்பதெல்லாம் மாதக்கணக்கு வேலை. இந்த இரண்டாவது பாதியைக் கையில் எடுப்பவர்தான் ப்ராஜெக்ட் முடிந்த பிறகும் எல்லோராலும் தேடப்படுவார்.

பழைய கோடும் புதிய கோடும்

அமெரிக்காவில் ஜிப் கோடு 1963-ல் வந்தது. 1983-ல் அதற்குப் பின்னால் நான்கு இலக்கங்கள் சேர்ந்தன. அந்த எண்ணை இயந்திரம் படிப்பதற்காக அதே எண்பதுகளில் வந்ததுதான் போஸ்ட்நெட் பார்கோடு. நெட்டைக் கோடு, குட்டைக் கோடு, இவ்வளவுதான் அதில். ஓர் இலக்கத்துக்கு ஐந்து கோடு, அதில் இரண்டு நெட்டை. சரிபார்ப்பு இலக்கமும் இரு முனைக் கோடுகளும் சேர்த்து, 5 இலக்க ஜிப் என்றால் மொத்தம் 32 கோடு, 9 இலக்கத்துக்கு 52, 11 இலக்கத்துக்கு 62. அந்தச் சரிபார்ப்பு இலக்கம் கடைசியில் வரும்: எல்லா இலக்கங்களையும் கூட்டினால் பத்தின் மடங்காக வர வேண்டும். நியூயார்க்கின் 10001-ஐ எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 2, ஆக சரிபார்ப்பு இலக்கம் 8. கொஞ்சம் பழகியவர் கண்ணாலேயே படித்துவிடுவார்.

போஸ்ட்நெட் சொன்னது ஒரே ஒரு விஷயம்: கடிதம் எங்கே போக வேண்டும். யார் அனுப்பியது, எத்தனையாவது கடிதம், திரும்பி வந்தால் என்ன செய்வது, இதற்கெல்லாம் அதில் இடமில்லை. கடிதத்தைப் பின்தொடர வேண்டுமென்றால் பிளானெட் என்ற இன்னொரு பார்கோடைத் தனியாக அச்சடிக்க வேண்டியிருந்தது. ஒரே கவரில் இரண்டு பார்கோடு.

2006-ல் வந்த நான்கு நிலைப் பார்கோடு இரண்டையும் ஒன்றாக்கியது. பின்னாளில் இன்டெலிஜென்ட் மெயில் பார்கோடு என்று பெயர் பெற்றது இதுதான். நடுவில் ஒரு சிறு கோடு எப்போதும் இருக்கும். அது மேலே நீளலாம், கீழே நீளலாம், இரண்டு பக்கமும் நீளலாம், நீளாமலும் இருக்கலாம். ஒவ்வொரு கோட்டுக்கும் இப்படி நான்கு நிலை. மொத்தம் 65 கோடு, அதற்குள் 31 இலக்கம் வரை அடங்கும். முந்தைய 62 கோட்டில் 11 இலக்கம்தான் போனது. அதைவிட மூன்றே கோடு கூடுதல், கிட்டத்தட்ட மூன்று மடங்கு தகவல்.

நான்கு நிலைக் கோடு அமெரிக்கர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆஸ்திரேலியா, கனடா தபால்துறைகளிடமும் உண்டு. பிரிட்டனின் ராயல் மெயில் 2014-ல் கொண்டுவந்த மெயில்மார்க்கும் இதே குடும்பம்தான். ஒன்றைச் சரியாகக் கற்றுக்கொண்டால் அடுத்த நாட்டு கிளையன்டிடம் பாதி வேலை முடிந்த மாதிரி.

எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

அமெரிக்கத் தபால்துறை தன் தொழில்நுட்பக் குறிப்பில் எடுத்துக்காட்டாக ஓர் எண் தருகிறது: 01 234 567094 987654321, அதன் பின் 01234567891. இதைத் துண்டு துண்டாகப் பார்த்தால் முழு வேலையும் புரிந்துவிடும்.

முதல் இரண்டு இலக்கம் பார்கோடு அடையாளம். பெரும்பாலும் 00 என்றே விடுவார்கள். அடுத்த மூன்று இலக்கம் சேவை வகை: இது முதல் வகுப்புத் தபாலா, விளம்பரத் தபாலா, முகவரி மாறியிருந்தால் அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டுமா என்பதெல்லாம் இந்த மூன்றில் அடங்கும். அடுத்தது மெயிலர் ஐடி, தபால்துறை நிறுவனத்துக்குக் கொடுக்கும் அடையாள எண். ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் அனுப்புகிற பெரிய நிறுவனங்களுக்கு 6 இலக்கம், மற்றவர்களுக்கு 9 இலக்கம். 9 இலக்க ஐடி எப்போதும் 9-ல்தான் தொடங்கும், 6 இலக்க ஐடி 9-ல் தொடங்காது. எத்தனை இலக்கம் படிக்க வேண்டும் என்று இயந்திரம் கண்டுபிடிப்பது இப்படித்தான். அதன் பின் வரிசை எண். ஐடி 6 என்றால் வரிசை எண் 9 இலக்கம், ஐடி 9 என்றால் 6 இலக்கம். இரண்டும் சேர்ந்து 15. கடைசி 11 இலக்கம் போய்ச் சேரும் இடம்: ஜிப் ஐந்து, கூடுதல் நான்கு, பெரும்பாலும் கதவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்.

இனி ஒரு முக்கியமான இடம். போஸ்ட்நெட்டில் முனைக் கோட்டை விட்டால் முதல் ஐந்து கோடு முதல் இலக்கம், அடுத்த ஐந்து அடுத்த இலக்கம் என்று பிரித்துவிடலாம். இதில் அது நடக்காது. 31 இலக்கமும் சேர்ந்து ஒரே பெரிய எண்ணாகி, சரிபார்ப்பும் கலந்து, பத்துத் துண்டாக உடைந்து, அந்தத் துண்டுகளின் பிட்டுகள் 65 கோடுகளிலும் அங்கங்கே சிதறி உட்கார்கின்றன. ஒரு கோட்டின் மேல் பாதி ஒரு துண்டிலிருந்து, கீழ்ப் பாதி வேறொரு துண்டிலிருந்து வரும். ஒரே இலக்கம் மாறினாலும் கோடுகள் எங்கெங்கோ மாறும். அதனால் "போன தடவை வந்த மாதிரியே இருக்கு, ஓகே" என்று கண்ணால் பார்த்து டெஸ்டிங் முடிக்கிற பழக்கத்தை இந்த வேலையில் கைவிட்டே ஆக வேண்டும்.

கோடாக்கும் ப்ரோக்ராமையும் ஃபான்ட்டையும் தபால்துறையே இலவசமாகக் கொடுக்கிறது. எண்ணைக் கொடுத்தால் 65 ஆங்கில எழுத்துகள் வரும். ஏறுகோட்டுக்கு ஓர் எழுத்து, இறங்குகோட்டுக்கு ஓர் எழுத்து என்று நான்கே எழுத்துகளின் கலவை. அதே குறிப்பில் மேலே சொன்ன எண்ணை ஜிப் இல்லாமல், 5 இலக்கத்தோடு, 9 இலக்கத்தோடு, 11 இலக்கத்தோடு நான்கு விதமாகக் கொடுத்து விடையும் போட்டிருக்கிறார்கள். உங்கள் முதல் டெஸ்ட் இந்த நான்கும்தான். 65 எழுத்தும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போன பிறகு மற்ற வேலையைத் தொடுங்கள்.

எக்செல்லைப் பக்கத்தில் விடாதீர்கள்

இதைத் தனித் தலைப்பில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பார்கோடு வேலை கெட்டுப்போகும் வழிகளில் நான் அதிகம் பார்த்தது இதுதான்.

முதல் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது. மாசசூசெட்ஸ், நியூஜெர்சி பக்கத்து ஜிப் கோடுகள் பூஜ்யத்தில் தொடங்குபவை. கேம்பிரிட்ஜ் நகரின் 02139-ஐ எக்செல் 2139 ஆக்கிவிடும். முகவரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால் யாராவது பிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது ஆபத்து மறைந்திருப்பது. ஓர் எண்ணில் 15 இலக்கத்துக்கு மேல் எக்செல் நினைவில் வைக்காது. மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். 20 இலக்கக் குறியீட்டை ஒரு சிஎஸ்வி கோப்பில் வைத்து, யாரோ ஒருவர் அதை எக்செல்லில் திறந்து, இலக்கங்கள் முழுதாகத் தெரியும்படி எண் வடிவத்துக்கு மாற்றி, சேமித்து மூடுகிறார் என்று வையுங்கள். முன்னால் இருக்கும் 00 முதலில் கழன்றுவிடும். மிச்சம் 18 இலக்கம். அதில் முதல் 15 தங்கும், கடைசி மூன்று பூஜ்யமாகும். அந்தக் கடைசி மூன்று எது? 9 இலக்க மெயிலர் ஐடி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது வரிசை எண்ணின் வால். 123001-லிருந்து 123999 வரை எல்லாமே 123000 ஆகிவிடும். ஆயிரம் கடிதத்துக்கு ஒரே எண். அச்சு அழகாக இருக்கும், ஸ்கேனர் சலிக்காமல் படிக்கும், சேவை வகையும் ஐடியும் சரியாக இருக்கும். தவறு எங்கேயும் கண்ணில் படாது, தபால்துறையின் அறிக்கை வரும் வரை.

எனவே எண்ணைப் பிறந்த இடத்திலிருந்து அச்சு வரை எழுத்துச் சரமாகவே வைத்திருங்கள். இடையில் எந்த மென்பொருளும் அதை எண்ணாக எண்ணிக்கொள்ள வழி விடாதீர்கள். டேட்டாபேஸ் நெடுவரிசை, எக்ஸ்எம்எல், ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒவ்வொரு கைமாற்றத்தையும் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணுக்கும் 16 இலக்கத்தை ஒட்டி இதே வியாதி உண்டு. கிளையன்ட் பக்கத்தில் யாராவது கோப்பைத் திறந்து பார்க்கும் வழக்கம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

வரிசை எண்ணுக்கு ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும்

இந்தப் பார்கோடில் இரண்டு படி உண்டு. பேசிக் என்றால் சரியான கோடு இருந்தால் போதும், வரிசை எண் எல்லாக் கடிதத்துக்கும் ஒன்றாகக்கூட இருக்கலாம். 2009 நவம்பரில் வந்த ஃபுல் சர்வீஸ் அப்படியில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் தனி எண். அந்த எண் 45 நாளுக்குள் திரும்ப வரக் கூடாது. ட்ரேவுக்குத் தனியாக 24 இலக்க பார்கோடு, வண்டியில் ஏறும் அடுக்குக்குத் தனியாக ஒன்று. எந்தக் கடிதம் எந்த ட்ரேவில், எந்த ட்ரே எந்த அடுக்கில் என்ற விவரம் முழுவதும் மின் ஆவணமாக முன்கூட்டியே போய்விட வேண்டும்.

இங்கே உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். 6 இலக்க வரிசை எண் என்றால் மொத்தம் 10 லட்சம் எண்கள். நாளைக்கு 20,000 கடிதம் என்றால் 45 நாளில் 9 லட்சம், தப்பித்தோம். 30,000 என்றால் 13.5 லட்சம். முப்பத்து நான்காவது நாளே எண் தீர்ந்து முதலிலிருந்து ஓடத் தொடங்கும், 45 நாள் விதி உடையும். இன்னொரு மெயிலர் ஐடி வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், ஆனால் அதை டிசைனிலேயே யோசித்திருக்க வேண்டும். கிளையன்டின் சராசரி அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஜனவரியில் வரிக் கடிதங்கள் ஒரேயடியாகப் போகும்போது எவ்வளவு என்று கேளுங்கள்.

எண்ணைக் கொடுக்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு சர்வர் ஒரே சமயத்தில் ஓடி, இரண்டும் ஒரே கோப்பிலிருந்து கடைசி எண்ணைப் படித்தால் கதை முடிந்தது. பெரிய நிறுவனங்களுக்கு இரண்டு ஊர்களில் அச்சகம் இருக்கும், ஒன்று வெள்ளம் புயலுக்கான மாற்று ஏற்பாடு. மாற்று அச்சகத்துக்கு வரிசையில் ஒரு பகுதியை முன்பே ஒதுக்கிவையுங்கள். புயல் நாளில் அந்த யோசனை வராது.

அப்புறம் மறு அச்சு. பிரிண்டரில் தாள் சிக்கும், கவரில் போடும் இயந்திரம் நான்கு கடிதத்தைக் கிழிக்கும். கிழிந்ததை அழித்துவிட்டு அதே எண்ணில் மறுபடி அச்சடிக்கிறீர்களா, புது எண் கொடுக்கிறீர்களா? இரண்டும் முடியும். எதைச் செய்தாலும் மின் ஆவணத்தில் இருப்பதும் ட்ரேவில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். வீணானவற்றைத் தெரிவிக்க அந்த ஆவண வடிவத்திலேயே இடம் இருக்கிறது. ஆபத்து நள்ளிரவில் வருகிறது: வேலை பாதியில் நின்றுவிட, ஷிஃப்ட் ஆபரேட்டர் முழு ஜாபையும் முதலிலிருந்து ஓட்டிவிடுவார். அப்போது எண்கள் புதிதாக வருமா, பழையதே வருமா? ப்ரோக்ராம் எழுதுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு அச்சகத்தாரிடம் உட்கார்ந்து பதில் வாங்குங்கள். அவருக்குத் தெரிந்தது உங்கள் மேனேஜருக்கும் தெரியாது, கிளையன்டின் மேனேஜருக்கும் தெரியாது.

முகவரி தப்பென்றால்

11 இலக்கத்தை நாமே உருவாக்க முடியாது. தபால்துறை சான்றளித்த முகவரி மென்பொருள், தெருப் பட்டியலோடு ஒப்பிட்டுத் தர வேண்டும். காஸ் சான்று என்பார்கள். ஆள் வீடு மாறிவிட்டாரா என்பது தனி. தள்ளுபடி விலையில் அனுப்பும் வணிகக் கடிதங்களுக்கு, அனுப்பும் நாளுக்கு முந்தைய 95 நாளுக்குள் முகவரிப் பட்டியலை இடமாற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டிருக்க வேண்டும் என்பது விதி.

இதில் வரிசை முக்கியம். முகவரியைச் சரிபார்த்த பிறகுதான் பார்கோடு. சில பழைய அமைப்புகளில் கடிதம் வடிவமைக்கப்பட்டு, பார்கோடும் போட்ட பிறகு முகவரி திருத்தம் நடக்கும். கவரில் எழுதியிருப்பது ஒரு தெரு, கோடு சொல்வது வேறொரு தெரு. பிரிக்கும் இயந்திரம் மணிக்கு 30,000-க்கும் மேல் கடிதங்களை ஓட்டுகிறது. அது எழுத்தைப் படித்து யோசிப்பதில்லை, கோட்டை நம்பி எறிகிறது.

ஃபுல் சர்வீஸில் ஒரு நல்ல சலுகை உண்டு. முகவரி மாறியவர்களின் புது விவரம் மின்வடிவில் இலவசமாகத் திரும்பி வரும். வருகிறது, சரி, யாரிடம் வருகிறது? பல இடங்களில் அது யாரும் திறக்காத ஒரு ஃபோல்டரில் போய் விழுகிறது. முதல் மீட்டிங்கிலேயே கேளுங்கள்: திருத்திய முகவரியை வாங்கிக்கொள்ளப் போவது எந்தத் துறை? வங்கியாக இருந்தால் வாடிக்கையாளர் ஒப்புதல் இல்லாமல் முகவரியை மாற்ற அவர்களின் சொந்த விதி இடம் கொடுக்குமா? இதை ஒரு ஜூனியர் கேட்டால் அறையே நிமிர்ந்து பார்க்கும். தைரியமாகக் கேளுங்கள்.

தாளில் இறங்கும்போது

கோடுகளின் அடர்த்தி அங்குலத்துக்கு 20-லிருந்து 24 வரை இருக்கலாம். அதைத் தாண்டினால் இயந்திரம் திணறும். சாய்வு 5 டிகிரிக்குள். கவரின் கீழ் வலது மூலையில் போடுவதானால் வலது ஓரத்திலிருந்து 4¾ அங்குல நீளம், கீழ் ஓரத்திலிருந்து ⅝ அங்குல உயரம் வேறு எதுவும் அச்சாகாமல் காலியாக இருக்க வேண்டும். முகவரிக் கட்டத்துக்குள் போடுவதானால் கோடுகளின் இரு பக்கமும் குறைந்தது ⅛ அங்குலம் வெள்ளை.

சென்னையிலிருந்து வேலை செய்பவர்கள் மறக்கும் ஒன்று: அங்கே தாள் ஏ4 இல்லை, 8½ × 11 அங்குல லெட்டர் தாள். இங்கே ஆபீஸ் பிரிண்டரில் ஏ4-ல் அடித்துப் பார்க்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு தானாக ஓடி எல்லாவற்றையும் சற்றே சுருக்கிவிடும். அதில் அளந்த அளவு எதற்கும் உதவாது. 100 சதவீதத்தில் அடியுங்கள், இல்லையென்றால் அளக்காதீர்கள். பிடிஎஃப்பில் ஃபான்ட் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பதியாவிட்டால் கோடுகளுக்குப் பதில் 65 எழுத்துகள் வரிசையாக அச்சாகி நிற்கும்.

ஜன்னல் கவர் இன்னொரு தலைவலி. உள்ளே தாள் நகரும். கவரின் ஒவ்வொரு ஓரத்தையும் மேசையில் தட்டி, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கோடுகள் முழுதாக, சுற்றிலும் வெள்ளையோடு தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். தட்டிப் பார்க்கும் இந்தச் சோதனையை இணைப்புத் தாள்களோடும், இல்லாமலும் செய்ய வேண்டும். ஒரு தாள் மட்டும் இருக்கும் கவரில் நகர்வு அதிகம். நீங்கள் இங்கிருந்து செய்ய முடியாது, ஆனால் அச்சகத்தில் ஒருவரிடம் தட்டச் சொல்லி வீடியோ எடுத்து அனுப்பக் கேட்கலாம். நிஜக் கவர் பத்து கூரியரில் வரவழைத்தால் இன்னும் நல்லது. தான் உருவாக்கிய கடிதத்தைக் கையில் தொட்டுப் பார்த்தவரின் வேலை வேறு மாதிரி இருக்கும்.

தேதியை நம்பி வேலை திட்டமிடாதீர்கள்

இந்தப் பார்கோடின் சொந்த வரலாறே இதற்குச் சாட்சி. போஸ்ட்நெட்டுக்குத் தள்ளுபடி 2011-ல் நிற்கும் என்று முதலில் பேச்சு. நின்றது 2013 ஜனவரி 28-ல். அடுத்ததாக, தள்ளுபடி வேண்டுமென்றால் ஃபுல் சர்வீஸ் கட்டாயம், 2014 ஜனவரியிலிருந்து என்றார்கள். அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையம் 2013 நவம்பரில், இது விலை உயர்வுக்குச் சமம், உச்சவரம்புக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சொல்ல, தபால்துறை கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. அந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று ராத்திரி பகலாக உழைத்த டீம்கள் எத்தனையோ.

அந்த உழைப்பு வீண் போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களிடம் அன்றைக்கே தனி எண்ணும் ஸ்கேன் தகவலும் கையில் இருந்தன. ஆனால் தேதியை ப்ரோக்ராமுக்குள் எழுதி வைத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பழையது, பேசிக், ஃபுல் சர்வீஸ் மூன்றையும் ஒரு அமைப்பு மாற்றத்தில் திருப்பிக்கொள்ளும்படி எழுதுங்கள். ஒவ்வொரு கடித வகைக்கும் தனித்தனியாகத் திருப்ப முடிய வேண்டும். முதலில் அளவு குறைந்த, அவசரம் இல்லாத ஒரு கடித வகையை மாற்றுங்கள். மின் ஆவணத்தைச் சோதிக்கத் தபால்துறையே தனிச் சோதனைச் சூழல் வைத்திருக்கிறது, அதில் ஓட்டிப் பாருங்கள். நிஜமாக ஓடத் தொடங்கியதும் தபால்துறையின் ஸ்கோர்கார்டைத் தினமும் திறக்கும் ஒருவர் வேண்டும். எண் திரும்ப வந்தது எத்தனை, ஐடி பொருந்தாதது எத்தனை, ஆவணத்தில் இல்லாமல் ட்ரேவில் இருந்தது எத்தனை என்று சதவீதமாக அதில் வரும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

மேனேஜரிடம் எதைச் சொல்வது

தள்ளுபடியை மட்டும் சொன்னால் எடுபடாது. ஃபுல் சர்வீஸ் வந்தபோது முதல் வகுப்புக் கடிதம் ஒன்றுக்குக் கொடுத்த கூடுதல் தள்ளுபடி 0.3 சென்ட், விளம்பரத் தபாலுக்கு 0.1 சென்ட். பத்து லட்சம் கடிதத்துக்கு 3,000 டாலர். பின்னாளில் விலைகள் மாறியிருக்கின்றன, ஆனாலும் இதை மட்டும் வைத்து மென்பொருள் மாற்றத்தின் செலவை நியாயப்படுத்துவது கடினம்.

லாபம் ஸ்கேன் தகவலில் இருக்கிறது. 2017-லிருந்து இன்ஃபார்ம்ட் விசிபிலிட்டி என்ற அமைப்பின் வழியாக, ஒவ்வொரு கடிதமும் எந்த மையத்தின் இயந்திரத்தை எப்போது கடந்தது என்ற விவரம் கிடைக்கிறது. கடன் அட்டை பில் எந்த மாநிலத்தில் எந்த நாள் வீடு சேரும் என்று தெரிந்தால், கால் சென்டரில் அன்றைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம். அதைவிட அழகான பயன் திரும்பும் கவரில். வாடிக்கையாளர் செக் போட்டு அனுப்பும் பதில் கவரிலும் தனி எண் இருந்தால், அது முதல் இயந்திரத்தைக் கடந்த நிமிடமே பணம் கிளம்பிவிட்டது என்று நிறுவனத்துக்குத் தெரியும். "ஏன் கட்டவில்லை" என்று அவரை அழைத்து மிரட்டாமல் இருக்கலாம். ஒரு மனிதருக்கு ஒரு தேவையற்ற போன் குறைகிறது. எனக்கு இந்த முழுத் தொழில்நுட்பத்திலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒன்றை மட்டும் கிளையன்டிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். வாசலில் யாரும் கடிதத்தை ஸ்கேன் செய்வதில்லை. கிடைப்பது இயந்திரத்தைக் கடந்த நேரமும், அதிலிருந்து ஊகித்த பட்டுவாடா நேரமும். நோட்டீஸ் கையில் கிடைத்தது என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய கடிதத்துக்குக் கையெழுத்து வாங்கும் சேவையே சரி.

இதைக் கற்றால் எவ்வளவு காலம் ஓடும்?

நியாயமான கேள்வி. அமெரிக்காவின் முதல் வகுப்புத் தபால் 2001-ல் 10,300 கோடியைத் தாண்டி உச்சம் தொட்டது. 2023-ல் 4,600 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. கடிதம் குறைந்துகொண்டே போகும். சட்டப்படி தாளில் போயே ஆக வேண்டியவை மிஞ்சும், அவற்றில் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்பார்கள்.

ஆனால் நீங்கள் கற்றது கோடு வரைவதை இல்லையே. ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் கொடுத்து, அது திரும்ப வராமல் காத்து, வழியில் நடந்ததை எண்ணோடு சேர்த்துப் படிக்கிற வேலை இது. இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளின் பொட்டலத்தில் பார்கோடோ கியூஆர் கோடோ கட்டாயம். கடைப் பொருட்களின் பார்கோடை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு, 2027 இறுதிக்குள் கடைக் கவுன்டர்கள் சதுரக் குறியீட்டையும் படிக்க வேண்டும் என்று உலகம் முழுக்கத் தள்ளிக்கொண்டிருக்கிறது. எண் தீர்ந்துபோவது, மறு அச்சு, இரண்டு சர்வர், எக்செல் எல்லாம் அங்கேயும் அப்படியே காத்திருக்கின்றன.

ரெஸ்யூமேயில் "பார்கோடு அமலாக்கம்" என்று ஒற்றை வரி போடாதீர்கள். எத்தனை கடித வகை, எண் ஒதுக்கீட்டை எப்படி வடிவமைத்தீர்கள், ஸ்கோர்கார்டில் பிழை எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியது என்று எழுதுங்கள். படிக்கப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. தபால்துறையின் டொமெஸ்டிக் மெயில் மேனுவல் இணையத்தில் இலவசம், பார்கோடு விதிகள் அதில் 204-ஆம் பகுதி. முழுவதையும் படிக்க வேண்டாம். 202, 204 இரண்டையும் அச்சடித்துக் கோடு போட்டுப் படியுங்கள். முகப்பில் என்ன எங்கே வரலாம் என்பது 202.

கைப்பழக்கத்துக்கு வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. ஏதாவது ஒரு ஸ்பீட் போஸ்ட் ரசீதை எடுங்கள். முன்னால் இரண்டு எழுத்து, பின்னால் நாட்டின் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம். அதில் ஒன்பதாவது சரிபார்ப்பு இலக்கம், உலக அஞ்சல் ஒன்றியத்தின் முறை. முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்த மீதியை 11-லிருந்து கழியுங்கள். 10 வந்தால் 0, 11 வந்தால் 5. எட்டு இலக்கம் 47312482 என்றால் கூட்டல் 200, மீதி 2, விடை 9. இதை உங்களுக்குத் தெரிந்த மொழியில் பத்து வரியில் எழுதி, வீட்டில் கிடக்கும் ரசீதுகளில் ஓட்டிப் பாருங்கள். அது ஓடியதும் தபால்துறைக் குறிப்பைத் திறந்து, அந்த 31 இலக்கத்தை 65 எழுத்தாக்கும் படிகளை நீங்களே எழுதத் தொடங்குங்கள். இலவச ப்ரோக்ராம் இருக்கும்போது ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு தடவை கையால் எழுதியவருக்கு, நடுராத்திரி அச்சகத்திலிருந்து "கோடு படிக்கவில்லை" என்று போன் வந்தால் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று தெரியும்.